கண்ணாடிப் பூச்சும் மூன்று உத்தரவுகளும்

என் வயதுக்காரர்கள் வீடுகளில் எல்லாம் ஒரு காலத்தில் எனாமல் தட்டு இருந்தது. வெள்ளைத் தட்டு, விளிம்பில் நீலக்கோடு. ஆஸ்பத்திரி பேசினும் அதே சாமான்தான். புதுச்சேரித் தெருமுனைகளில் அடித்திருந்த நீலப் பெயர்ப் பலகையும் அதேதான். தட்டு கைதவறிக் கீழே விழுந்தால் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்து, உள்ளே கறுப்பாக இரும்பு தெரியும். பெயிண்ட் உரிந்துவிட்டது என்று சொல்வோம். அது பெயிண்ட் அல்ல, கண்ணாடி. கண்ணாடியைப் பொடியாக்கி இரும்பின் மேல் பரப்பி, உலையில் வைத்து உருக்கி ஒட்டவைத்தது. அதனால்தான் ஐம்பது வருடம் ஆனாலும் நிறம் மங்குவதில்லை. அதனால்தான் விழுந்தால் உடைகிறது.

அதே வேலையை இரும்புக்குப் பதிலாகத் தங்கத்தின் மேல், ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்துக்குள் செய்தார்கள். பழைய தங்கப் பாக்கெட் கடிகாரங்களின் பின்மூடியில் பூங்கொத்து, தேவதை, ஏரிக்கரை, ராஜா முகம் என்று பளபளப்பது அதுதான். முந்நூறு வருடத்துக்கு முந்திய கடிகாரம் ஓடாமல் நின்றிருக்கும், முள் ஒடிந்திருக்கும், ஆனால் அந்த நீலம் நேற்று வைத்த நீலம்போல இருக்கும். எண்ணெய் ஓவியத்துக்கோ துணிச் சாயத்துக்கோ அந்த ஆயுள் கிடையாது.

பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு இந்தச் சொல் இலக்கண வகுப்பிலேயே வந்துவிடும். பன்மையில் விதி மாறும் சொற்கள் என்று ஏழு சொற்களை ராகம் போட்டு ஒப்பிக்கச் சொல்வார்கள்: பாய், கொராய், எமாய், சுபிராய், த்ராவாய், வாந்தாய், வித்ராய். இதில் எமாய்தான் எனாமல், பன்மையில் எமோ. அந்த வயதில் எங்களுக்குப் பொருள் தெரியாது, ராகம் மட்டும் தெரியும். வித்ராய் என்பது மாதா கோயில் சன்னலில் உள்ள வண்ணக் கண்ணாடி. இரண்டும் ஒரே பட்டியலில் வருவது தற்செயல்தான். ஆனால் இரண்டும் ஒரே பொருளால் ஆனவை: நிறம் ஏற்றிய கண்ணாடி.

செய்யும் முறையைக் கொஞ்சம் சொல்கிறேன். மணல், பொட்டாஷ், ஈயக் கலவை இவற்றைச் சேர்த்து உருக்கினால் நிறமில்லாத கண்ணாடி கிடைக்கும். அதில் கோபால்ட் சேர்த்தால் நீலம், செம்பு சேர்த்தால் பச்சை, மாங்கனீஸ் சேர்த்தால் ஊதா, வெள்ளீயம் சேர்த்தால் பால் வெள்ளை. ரோஜா நிறம் வேண்டுமென்றால் தங்கத்தையே கரைத்துச் சேர்க்க வேண்டும். ஆறிய கட்டியை அகேட் கல்வத்தில் தண்ணீர் விட்டு அரைப்பார்கள். பிறகு அரிசி களைவதுபோலத் திரும்பத் திரும்பக் களைந்து, கலங்கல் நீரை இறுத்துக்கொண்டே இருப்பார்கள். கலங்கல் மிச்சம் இருந்தால் நிறம் புகைபடிந்த மாதிரி ஆகிவிடும். தெளிந்த பொடியை ஈரத்தோடு வாத்து இறகின் முனையாலோ நுனி மெலிந்த தூரிகையாலோ எடுத்துத் தங்கத்தின் மேல் பரப்பி, உலர்த்தி, உலையில் வைக்க வேண்டும்.

உலையின் சூடு சுமார் 800 டிகிரி சென்டிகிரேடு. சுத்தத் தங்கம் 1064 டிகிரியில் உருகும். மற்ற உலோகம் கலந்த 18 காரட் தங்கம் அதற்கும் வெகுவாகக் கீழேயே இளகிவிடும். ஆகவே கண்ணாடி உருக வேண்டும், அதைத் தாங்கும் தங்கம் உருகக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி குறுகலானது. உலைக்குள் இருப்பது ஒன்றிரண்டு நிமிடம்தான். சூட்டுமானி வராத காலத்தில் உலையின் நிறத்தைப் பார்த்தே எடுப்பார்கள். உமியோட்டின் முன் உட்கார்ந்து ஊதுகுழலால் பொடி வைத்து ஊதும் நம் ஆசாரிக்கு இது புரியும். கண் ஒரு நொடி ஏமாந்தால் வேலை போச்சு.

இன்னொரு சங்கடமும் உண்டு. சூட்டில் தங்கம் விரிகிற அளவு வேறு, கண்ணாடி விரிகிற அளவு வேறு. ஆறும்போது ஒன்றையொன்று இழுக்கும். மெல்லிய தகடாக இருந்தால் வளைந்து கண்ணாடி விரிசல் விடும். அதனால் தகட்டின் பின்பக்கமும், யாருக்கும் தெரியாத இடத்தில், சமமாகக் கண்ணாடி பூச வேண்டும். கோந்த்ர் எமாய் என்று அதற்குப் பெயர். முன்பக்கத்து அழகைத் தாங்கிப் பிடிப்பது பின்பக்கத்துப் பூச்சு.

வகைகளும் பல. தங்கத்தில் குழி செதுக்கி அதில் கண்ணாடியை நிரப்புவது ஷான்லவே. மெல்லிய தங்கக் கம்பியை வளைத்து வரப்பு கட்டி, பாத்தியில் தண்ணீர் பாய்ச்சுவதுபோல ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நிறம் இடுவது க்ளுவாசொனே. சக்கர யந்திரத்தால் தங்கத்தில் நுண்ணிய அலைக்கோடுகள் இழைத்து, அதன் மேல் ஒளி ஊடுருவும் நிறம் பூசுவது இன்னொன்று. கடிகாரத்தைத் திருப்பத் திருப்ப மயில் கழுத்துப்போல மினுங்கும். இவை எல்லாவற்றிலும் கடினமானது எனாமலின் மேல் தூரிகையால் படம் எழுதுவது.

அந்தப் படம் எழுதும் முறையை 1630 வாக்கில் கொண்டுவந்தவர் ழான் தூத்தேன். பிரான்ஸில் ஷத்தோதேன் என்ற ஊரின் பொற்கொல்லர். முதலில் தங்கத்தின் மேல் வெள்ளை எனாமல் தளம். அதன் மேல் நிறப்பொடியை எண்ணெயில் குழைத்து, ஒன்றிரண்டு மயிர் உள்ள தூரிகையால் எழுதுவது. ஒரு நிறம் எழுதினால் ஒரு சுடுதல். அதிகச் சூடு தாங்கும் நிறம் முதலில், தாங்காத நிறம் கடைசியில். பத்து, பதினைந்து முறைகூட உலைக்குள் போய் வரும். ஒவ்வொரு முறையும் முன்பு செய்த அத்தனை வேலையும் பணயம். பதினைந்தாவது முறை ஒரு தூசி விழுந்தாலோ ஒரு குமிழ் வந்தாலோ பல வார உழைப்பு வீண். பக்கத்து ஊரான ப்ளுவா கடிகாரக்காரர்களுக்குப் பெயர்போனது. தூத்தேனின் முறை அங்கே பரவி, கடிகாரமும் எனாமல் ஓவியமும் ஒன்று சேர்ந்தன.

இனி உத்தரவுக் கதைக்கு வருகிறேன். அரசு அலுவலகத்தில் எழுத்தராக உட்கார்ந்தவனுக்கு ஒரு விஷயம் தெரியும். ஒரு பக்கத் தாளில் தட்டச்சு செய்த உத்தரவு, அதை எழுதியவர் பார்த்தே இராத ஒரு தெருவில் ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைக்கும், அல்லது மூட்டும். இந்தக் கலையின் சரித்திரத்தில் அப்படி மூன்று உத்தரவுகளைக் காண்கிறேன்.

முதல் உத்தரவு ஜெனீவாவில். 1541-ல் கால்வின் அந்த ஊருக்குத் திரும்பிவந்து மதச் சீர்திருத்த ஆட்சியை நிறுவினார். ஆடம்பரம் பாவம், நகை அணிவதற்குக் கட்டுப்பாடு. 1566-ல் பொற்கொல்லர்களுக்கு ஒரு விதி வந்தது. சிலுவை, பூசைக் கிண்ணம் போன்றவற்றைச் செய்யக் கூடாது என்று. கோயில் வேலையும் நகை வேலையும் போனால் பொற்கொல்லன் எங்கே போவான்? பிரான்ஸிலிருந்து மதத் துன்பத்துக்கு அஞ்சி ஓடிவந்த கடிகாரக்காரர்கள் அதே தெருக்களில் குடியேறியிருந்தார்கள். கடிகாரம் ஆடம்பரம் அல்ல, நேரம் பார்க்கும் கருவி. அதற்குக் கூடு வேண்டும் அல்லவா? உள்ளே இருக்கும் யந்திரம் சட்டத்தைத் திருப்திப்படுத்தியது, வெளியே இருக்கும் கூடு ஆசாரியைக் காப்பாற்றியது. 1601-ல் ஜெனீவாக் கடிகாரக்காரர்கள் தனிச் சங்கமே அமைத்துக்கொண்டார்கள். தடை போட்ட கை ஒரு தொழிலை உண்டாக்கிவிட்டது.

இரண்டாவது உத்தரவு 1685-ல். பதினான்காம் லூயி, பிராட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டுரிமை கொடுத்திருந்த நாந்த் சாசனத்தை ரத்து செய்தார். எங்கள் சரித்திரப் புத்தகத்தில் இது இரண்டு பத்தியில் முடிந்துவிடும். ஆனால் ழான் பெத்தித்தோ என்ற ஓவியரின் வாழ்க்கையில் பார்த்தால் அதன் எடை தெரியும். ஜெனீவாவில் பிறந்தவர். இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸுக்கும், பிறகு இதே லூயிக்கும் எனாமலில் உருவப்படம் எழுதியவர். நகத்தளவு இடத்தில் அரசனின் கண்ணில் ஒளி தெரிய எழுதியவர். உத்தரவு வந்தபோது அவருக்கு வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. மதம் மாற மறுத்ததால் சிறை. கடைசியில் கையெழுத்துப் போட்டு வெளியே வந்து, ஜெனீவாவுக்குத் தப்பிப் போய், 1691-ல் வெவே என்ற ஊரில் இறந்தார். அரசன் முகத்தை அழியாமல் எழுதியவருக்கு அரசன் கொடுத்தது இது.

பிரான்ஸ் இழந்தவர்களை மற்ற ஊர்கள் வரவேற்றன. கைவேலைக்காரர்கள் லண்டனுக்கும் பெர்லினுக்கும் ஜெனீவாவுக்கும் போனார்கள். ப்ளுவாவின் கடிகாரத் தொழில் தேய்ந்தது. ஜெனீவாவில் ஊவோ என்ற குடும்பம் கடிகார எனாமலில் ஐரோப்பா முழுதும் பெயர் எடுத்தது. அப்பா பியேர் ஊவோ பிரான்ஸிலிருந்து வந்தவர். மூன்று மகன்களும் அதே தொழில். அவர்களில் இருவர் 1686-ல் பெர்லின் அரண்மனை ஓவியர்களாகவே போய் 1700-ல் திரும்பினார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெனீவாவின் சேன் ழெர்வே பகுதி முழுக்கக் கடிகாரக்காரர்கள். வெளிச்சத்துக்காக வீட்டின் மேல்மாடியில் சன்னலோரம் உட்கார்ந்து வேலை செய்வார்கள். அந்தச் சிறு அறைக்குக் கபினே என்று பெயர். அதனால் இவர்கள் கபினோத்தியே. நாங்கள் பள்ளியில் படித்த ரூசோ ஒரு ஜெனீவாக் கடிகாரக்காரரின் மகன். இன்னொரு பெரியவர் வோல்தேர், ஊர்க் கலகத்தில் வெளியேறிய ஜெனீவாத் தொழிலாளர்களை 1770-ல் தன் ஊரான ஃபெர்னேயில் குடியமர்த்திக் கடிகாரத் தொழில் தொடங்கினார். ருஷ்யப் பேரரசி காத்தரீனுக்கே கடிகாரம் விற்றார். தத்துவம் எழுதிய கையாலேயே விலைப்பட்டியலும் எழுதியிருக்கிறார் என்பது எங்களுக்கு யாரும் சொல்லித்தராத பாடம்.

இந்தக் கடிகாரங்கள் கிழக்கேயும் வந்தன. சீனாவுக்காகவே சுற்றிலும் முத்துப் பதித்த எனாமல் கடிகாரங்கள் ஜோடி ஜோடியாகச் செய்யப்பட்டன. ஃப்ளூரியே என்ற சுவிஸ் சிற்றூரின் போவே குடும்பம் 1822-ல் நிறுவனம் தொடங்கி, காண்டன் துறைமுகத்தில் இதை விற்றே செழித்தது. நம் நாட்டுக்கு வைரம் வாங்க வந்த தவெர்னியே, மொகலாயப் பெருமக்களுக்குக் கொடுத்த பரிசுகளில் எனாமல் வேலை செய்த தங்கக் கடிகாரமும் உண்டு. அந்தப் பெருமக்களுக்கு எனாமல் புதிதல்ல. பாரசீகத்தில் மீனா என்றால் எனாமல். நம் நாட்டில் மீனாகாரி வேலை அப்போதே நடந்துகொண்டிருந்தது. மதுரைக்காரர்களுக்கு மீனா என்றால் அம்மன் ஞாபகம்தான் வரும். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. நம் மீனாட்சி மீன் கண்ணாள். நம் பக்கத்து நகைகளில் கெம்பும் பச்சையும் வைரமும் பதிப்பதுதான் வழக்கம், மீனா வேலை குறைவு. சென்னையில் 1849-ல் தொடங்கிய பி.ஆர் அண்ட் சன்ஸ் போன்ற கடைகள் வழியாகவும், கடல் கடந்து போனவர்களின் பெட்டிகள் வழியாகவும்தான் இத்தகைய கடிகாரங்கள் ஜமீன் வீடுகளுக்கும் செட்டிநாட்டுக்கும் வந்து சேர்ந்தன.

மூன்றாவது உத்தரவு நம்முடையது. சீனப் போர் முடிந்த கையோடு, 1963 ஜனவரியில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது. அந்நியச் செலாவணி இல்லாத நேரம். கடத்தல் தங்கத்தைத் தடுக்க வேண்டும் என்பது நியாயமான நோக்கம்தான். ஆனால் 22 காரட்டுக்குப் பழகிய கைகளுக்கு 14 காரட் வேறு உலோகம். அடித்தால் வெடிக்கும், நிறம் கறுக்கும். வாங்குகிறவர்களும் முகம் சுளித்தார்கள். ஆசாரிகள் பட்டறையை மூடினார்கள். பட்டினி, தற்கொலை என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். மீனாகாரர்களுக்கும் இது பேரிடிதான்; அவர்களுடைய சிவப்பு, கலப்பு குறைந்த உயர்ந்த தங்கத்தில்தான் முழு ஒளியோடு பிடிக்கும். 1966-ல் 14 காரட் நிபந்தனை தளர்ந்தது. 1968-ல் சட்டமாகவே வந்த கட்டுப்பாடு 1990-ல்தான் நீங்கியது. இருபத்தேழு வருடம் என்பது ஒரு தலைமுறை. அப்பன் மகனை இந்தத் தொழிலுக்கு வராதே என்று சொல்லிவிட அது போதும்.

ஜெனீவாவுக்கும் ஒரு இடி விழுந்தது, ஆனால் உத்தரவால் அல்ல. 1969 டிசம்பர் 25-ல் ஜப்பானின் சீக்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த பதினைந்து ஆண்டில் சுவிஸ் கடிகாரத் தொழிலாளர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேலை இழந்தார்கள். எனாமல் ஓவியம் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம் என்ற நிலை. சூசன் ரோர் என்ற பெண்மணி விடாமல் செய்துகொண்டிருந்தார். விற்காது என்று தெரிந்தும் பட்டேக் பிலிப் நிறுவனம் அவரிடம் கடிகாரம் எழுதி வாங்கிக்கொண்டே இருந்தது. அவரையடுத்து அனிதா போர்ஷே வந்தார். இன்று அந்தக் கலை மறுபடி மூச்சு விடுகிறது என்றால், யாரோ ஒருவர் கெட்ட காலத்திலும் வேலை கொடுத்ததும், யாரோ ஒருவர் வேலை செய்ததும்தான் காரணம்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. சில மாதங்களுக்கு முன் கோச்சடையில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அம்மா, தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தார். "சார், உங்களுக்குப் பிரெஞ்சு தெரியுமாமே, இதில் என்ன எழுதியிருக்கு பாருங்க" என்று ஒரு மஞ்சள் பையிலிருந்து சின்னக் கடிகாரம் ஒன்றை எடுத்து வைத்தார். பெண்கள் சட்டையில் ஊசி குத்தித் தொங்கவிடும் வகை. அவர்கள் தாத்தா சைகோனில் வட்டிக்கடையில் கணக்குப் பிள்ளையாக இருந்தவராம். பின்மூடியில் கருநீல எனாமல், நடுவில் வெள்ளையும் ரோஜாவுமாக இரண்டு பூ. ஓரத்தில் மிளகளவு ஒரு சில்லு போயிருந்தது. உள்மூடியைத் திறந்தால் பிரெஞ்சில் எழுத்து: ரெமொந்துவார், சிலேந்த்ர், பத்து ரூபி. அதாவது சாவி இல்லாமல் திருகி முடுக்குவது, உருளை வகை யந்திரம், பத்து மாணிக்கக் கல். பெயர்போன நிறுவனத்துச் சரக்கு அல்ல. பக்கத்தில் பூதக்கண்ணாடியில் மட்டும் தெரியும் ஒரு அணில்.

அந்த அணில்தான் முக்கியம். சுவிட்சர்லாந்தில் 1880-ல் வந்த சட்டப்படி, கூடு 18 காரட் என்றால் ஒரு பெண்ணின் தலை, 14 காரட் என்றால் அணில் முத்திரை குத்துவார்கள். பிரெஞ்சுக் கூடாக இருந்தால் 18 காரட்டுக்குக் கழுகுத் தலை.

அவர்கள் வந்த காரணம் பாகம் பிரிப்பது. நகைக்கடையில் கேட்டதற்கு, எனாமலைத் தட்டி எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் யந்திரத்தைக் கழித்து, 14 காரட் தங்கத்துக்கு எடை போட்டுக் காசு தருவதாகச் சொன்னார்களாம். கடைக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருடைய தராசில் கண்ணாடிக்கு எடை உண்டே தவிர விலை இல்லை. நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்தச் சின்னக் கூட்டில் உள்ள தங்கம் சில கிராம். இருவருக்கும் பிரித்தால் ஆளுக்கு ஒரு மோதிரத்துக்குக் காணாது. தட்டி எடுத்துவிட்டால் அந்த நீலத்தை மறுபடி யாராலும் வைக்க முடியாது. தம்பி கொஞ்ச நேரம் யோசித்தார். "அக்காவே வச்சுக்கட்டும், எனக்குத் தாத்தா போட்டோ போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாக் கடிகாரத்துக்கும் அப்படி ஒரு தம்பி வாய்க்கமாட்டார். எத்தனையோ கூடுகள் தங்கம் விலை ஏறிய ஒவ்வொரு முறையும் மூசைக்குள் போயிருக்கின்றன. இன்றைய விலையில் அந்த ஆசை இன்னும் அதிகம். உங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் இப்படி ஒன்று இருந்தால் சில விஷயங்களை மனதில் வையுங்கள். மற்ற நகைகளைப்போலப் பூந்திக்கொட்டை போட்டு வெந்நீரில் ஊறவைத்துத் தேய்க்காதீர்கள். வெந்நீரிலிருந்து தண்ணீருக்கு மாறும் அதிர்ச்சியே விரிசலுக்குப் போதும், உள்ளே யந்திரமும் துருப்பிடிக்கும். புளி, எலுமிச்சை, அமிலம் எதுவும் ஆகாது. நகைக்கடையில் உள்ள அதிர்வுத் தொட்டியில் போட அனுமதிக்காதீர்கள். வளையம் ஒடிந்திருந்தால் ஊதுகுழல் வைத்துப் பற்றவைக்க விடாதீர்கள். அந்தச் சூட்டில் எனாமல் தெறித்துவிடும். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்து, தனியாகப் பஞ்சில் சுற்றி வையுங்கள். மற்ற நகையோடு சேர்த்து வைத்தால் வைரக்கல் கீறிவிடும். சில்லு போன இடத்தை அப்படியே விடுவது நல்லது.

முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். உள்மூடியில் உள்ள எழுத்தைப் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்புங்கள். யார் வாங்கியது, எந்த ஊரில், யாருக்காக என்று தெரிந்ததை ஒரு தாளில் எழுதிக் கடிகாரத்தோடு வையுங்கள். சேன் ழெர்வே மாடியில் உட்கார்ந்து அந்தப் பூவை எழுதியவர் பெயர் நமக்குத் தெரியப்போவதில்லை. அதைச் சைகோனிலிருந்தோ ரங்கூனிலிருந்தோ மடியில் கட்டிக்கொண்டு வந்தவர் பெயராவது பேரப்பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.